எழுத்தில் பிசிறு, பலகையில் வளைவு: மரப் பெயர்ப்பலகைக் கோளாறுகளும் தீர்வுகளும்

வாசலில் மாட்ட ஒரு ‘நல்வரவு’, புதுவீடு புகுபவர்களுக்கு ஒரு ‘முருகன் துணை’, இருபத்தோராம் பிறந்த நாளுக்குப் பெயர் எழுதிய பெரிய மரச்சாவி. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலும் இப்படிப் பலகை எழுதிப் பரிசாகக் கொடுப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. “எழுத்து சரியாக வரவில்லை” என்றுதான் தொடங்குவார்கள். பலகையைத் திருப்பிப் பார்த்தால் எழுத்தின் மேல் குற்றமே இருக்காது. மரம் ஈரமாக இருந்திருக்கும், அல்லது அடிப்பூச்சு அவசரத்தில் அடிக்கப்பட்டிருக்கும். அதனால் எந்தக் கோளாறானாலும், எந்த அடுக்கில் அது பிறந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

அதற்கு இரண்டு சோதனைகள் போதும். உரியும் பூச்சில் ஒரு செதிலை நகத்தால் எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மரத்தூளும் நாரும் ஒட்டியிருந்தால் மரத்தில் பிரச்சினை. வழுவழுப்பாக, கீழே இருந்த நிறம் தெரிந்தால் இரண்டு பூச்சுகளுக்கு இடையே ஒட்டவில்லை. அடுத்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். பூச்சு இளகித் துணியில் நிறம் ஏறினால் அது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகை. ஏறாவிட்டால் எண்ணெய் எனாமல். எதன்மேல் எதைப் பூசலாம் என்பதை இந்த விடைதான் முடிவு செய்யும்.

எழுத்தின் ஓரம் பிசிறடிக்கிறது

பிசிறு மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நீண்டிருந்தால், பூச்சில்லாத வெறும் மரத்தின் மேல் நேராக எழுதியிருக்கிறீர்கள். மரம் என்பது நுண்குழாய்களின் கட்டு. நீர்த்த வண்ணத்தை அது நார்வழியே இழுத்துக்கொண்டு போகும். மர நிறம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு அடிப்பூச்சைத் தவிர்ப்பவர்களுக்கு இது தவறாமல் நேரும். மர நிறத்தை இழக்கவும் வேண்டாம், அடிப்பூச்சைத் தவிர்க்கவும் வேண்டாம். நிறமற்ற வார்னிஷையோ ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சையோ சற்று நீர்க்க வைத்து ஒரு முறை பூசுங்கள். காய்ந்ததும் மரத்தில் எழும் சொரசொரப்பை 240 எண் உப்புத்தாளால் மெல்லத் தடவி எடுத்துவிட்டு, அதன்பின் எழுதுங்கள். முதல் பூச்சில் மரநார் நிமிர்ந்து நிற்பது இயற்கை. அதைத் தேய்த்து எடுக்கும் இந்த ஐந்து நிமிட வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பிசிறு எல்லாத் திசையிலும் இருந்தால் டேப்புக்கோ ஸ்டென்சிலுக்கோ அடியில் வண்ணம் புகுந்திருக்கிறது. டேப்பை எவ்வளவு அழுத்தினாலும் மர மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத சந்து இருக்கும். அதை அடைக்க ஒரு பழைய உபாயம் உண்டு. டேப் ஒட்டியதும், எழுத்தின் நிறத்தைத் தொடாமல், பின்னணியின் நிறத்தையே எடுத்து டேப்பின் ஓரமாக ஒரு பூச்சு கொடுங்கள். சந்துக்குள் போக வேண்டியது அதுவே போய் அடைத்துக்கொள்ளும்; பின்னணியோடு பின்னணியாக இருப்பதால் வெளியே தெரியாது. அது காய்ந்த பிறகு எழுத்தின் நிறத்தைப் பூசுங்கள். பின்னணி வெறும் மர நிறமாக இருந்தால் இதே வேலையை நிறமற்ற வார்னிஷ் செய்யும். டேப்பை வண்ணம் முழுதாகக் காயும் முன்பு, தன்மேல் தானே மடிந்து வரும்படி சாய்வாக இழுத்து உரியுங்கள். செங்குத்தாகத் தூக்கினால் எழுத்தின் விளிம்பும் கூடவே வரும்.

ஸ்டென்சிலில் எழுதுபவர்கள் பெரும்பாலும் தூரிகையை நனைத்துவிடுகிறார்கள். குட்டையான, தட்டை முனைத் தூரிகையில் வண்ணம் எடுத்து, பழைய துணியில் குத்திக் குத்தி ஏறக்குறைய உலர்ந்துவிட்டது என்று தோன்றும் வரை துடைத்துவிட்டு, நிமிர்த்திப் பிடித்து ஒற்றுங்கள். முதல் ஒற்றலில் மங்கலாகத்தான் இருக்கும். இரண்டாவது, மூன்றாவது ஒற்றலில் நிறையும்.

ஏற்கெனவே கசிந்துவிட்ட பலகையைத் தூக்கி எறிய வேண்டாம். காய்ந்த பிசிறை எழுத்தின் நிறத்தால் அகலப்படுத்தி மறைக்கப் பார்க்காதீர்கள். எழுத்து தடித்துக்கொண்டே போகும். பின்னணி நிறத்தை எடுத்து எழுத்தின் வெளி ஓரத்தை வெட்டி எழுதுங்கள். கைதேர்ந்த பலகை எழுத்தாளர்களின் கூரான விளிம்புகளில் பாதி இப்படி வெளியிலிருந்து செதுக்கப்பட்டவைதான்.

வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் கறை தோன்றுகிறது

கறை வட்டமாக, மரக்கணு இருக்கும் இடத்தில் வந்தால் அது பைன் மரத்தின் பிசின். எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் மறுபடி வரும், அதிலும் வெயில் படும் சுவரில் சீக்கிரம் வரும். கறை செந்நிறமாகப் பரவலாக வந்தால் மரம் பெரும்பாலும் மெராண்டி. கதவு, சன்னல் செய்யும் பட்டறைகளில் கிடைக்கும் துண்டுகள் பலவும் இதுதான். இரண்டுக்கும் மருந்து ஷெல்லாக். அந்த இடத்தை மரம் தெரியும்வரை தேய்த்து, ஷெல்லாக்கை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்து, பிறகு வெள்ளை அடியுங்கள். அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் இந்தப் பொருள் ஸ்பிரிட்டில் கரைவது. பிசினையும் மரச்சாயத்தையும் உள்ளேயே பூட்டிவிடும். தண்ணீர் கலந்த சாதாரண அடிப்பூச்சுக்கு (பிரைமருக்கு) அந்தத் திறன் இல்லை.

தமிழ் எழுத்து உடைந்து கிடக்கிறது

இதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். 1860இல் தொடங்கி இந்தியாவிலிருந்து இங்கே கப்பலேறி வந்தவர்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகளில் பலர் தமிழை எழுதப் படிக்கத் தெரியாமலேயே தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் தமிழில் பலகை எழுத ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் படம் பார்த்து வரைபவரின் கைக்கு எது முக்கியமான கோடு, எது வெறும் அலங்காரம் என்று தெரியாது. கணினிக்கும் தெரிவதில்லை.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா? ‘கொ’ என்பது பிரிந்து, நடுவில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தெரிகிறதா? நீங்கள் பயன்படுத்தும் வரைகலை மென்பொருளோ ஸ்டென்சில் வெட்டும் இயந்திரத்தின் மென்பொருளோ இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாதது. எழுத்துரு மாற்றுவதால் இது தீராது. கைப்பேசியில் தமிழில் தட்டச்சு செய்யுங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் அதைப் பெரிதாக்கிப் படமாகச் சேமித்து, அந்தப் படத்தை மென்பொருளில் ஏற்றுங்கள். படத்தில் கொம்பு இடம் மாறாது.

‘முருகன் துணை’யில் ‘ணை’ என்ற எழுத்து தாத்தாவின் பழைய நோட்டில் தும்பிக்கை வளைத்ததுபோல வேறு மாதிரி இருக்கிறதே, எது சரி என்று கேட்கிறார்கள். இரண்டும் சரி. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் ணா, றா, னா போன்றவற்றுக்கும் முன்பு தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் தம் இதழ்களில் புழங்கிய சீர்திருத்த வடிவத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. தாத்தாவுக்கான பலகை என்றால் பழைய வடிவத்தையே எழுதுங்கள் என்பேன். அவர் கண் அதைத்தான் தேடும். ஒரே பலகையில் இரண்டையும் கலக்க மட்டும் வேண்டாம்.

இனி எழுத்து மாறிப்போகும் இடங்கள். ‘ண’வுக்கு மூன்று சுழி, ‘ன’வுக்கு இரண்டு, தூரிகை வழுக்கினால் ஒரு சுழி காணாமல் போய்ப் பெயரே மாறிவிடும். ‘ர’வுக்கு அடியில் சாய்ந்த கால் இல்லாவிட்டால் அது வெறும் துணைக்கால். ‘எ’க்கும் ‘ஏ’க்கும் இடையில் இருப்பது ஒரு சிறு கீற்று. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மேல் சுழியில்தான் வேறுபடும். புள்ளியை மறப்பவர்கள் மிகுதி. எழுதி முடித்து வண்ணம் காய்ந்ததும் புள்ளிகளைக் கடைசியில் ஒரே மூச்சில் வைப்பது நல்ல பழக்கம், மூல வாசகத்தில் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொண்டு. வாசகம் நீளமாகி இரண்டு வரியானால், புள்ளி எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது. ‘இல்’ ஒரு வரி, ‘லம்’ அடுத்த வரி என்றால் படிக்கலாம். ‘இ’ தனியாக நின்று ‘ல்லம்’ கீழே வந்தால் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

ஸ்டென்சிலில் ‘க’, ‘ம’ போன்ற எழுத்துகளின் மூடிய உட்பகுதி கழன்று விழுந்துவிடும். மெல்லிய பாலம் விட்டு வெட்டி, ஒற்றிய பிறகு பாலத்தைச் சிறு தூரிகையால் நிரப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பென்சிலில் வரைந்த நிலையிலேயே தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். “இது சரியா?” என்று கேட்காதீர்கள், சரி என்றுதான் சொல்வார்கள். “இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் பெரியம்மா” என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடம்தான் தவறு இருக்கும் இடம். குடும்பப் பெயர் எழுதும்போதும் அப்படியே. அடையாள அட்டையில் இருக்கும் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துத் தமிழாக்காதீர்கள். அந்த வீட்டார் தமிழில் எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

எழுத்துகள் ஏறியும் இறங்கியும் நிற்கின்றன

ஆங்கிலத்துக்குப் போடும் இரண்டு கோடு தமிழுக்குப் போதாது. நான்கு கோடு போடுங்கள்: எழுத்தின் உடம்புக்கு இரண்டு, மேலே புள்ளிக்கும் இகரச் சுழிக்கும் ஒன்று, கீழே உகரத்தின் வாலுக்கு ஒன்று. ‘முருகன் துணை’யில் மட்டும் மூன்று உகரங்கள் இருக்கின்றன. கீழே இடம் விடாமல் பலகையின் நடுவில் எழுதினால் வால்கள் விளிம்பில் இடிக்கும்.

இடைவெளியை அளவுகோலால் அளந்தால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. நேர்க்கோடுகள் அருகருகே வரும் ‘ட’, ‘ப’ போன்றவற்றுக்குச் சற்று அதிகமாகவும், வளைவான ‘ல’, ‘வ’ போன்றவற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் விடுங்கள். பலகையைத் தலைகீழாக வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வாசகம் மறைந்து இடைவெளி மட்டும் தெரியும்.

கை நடுங்குகிறது என்றால் வயதைக் குறை சொல்ல வேண்டாம். முனையில் துணி சுற்றிய ஒரு குச்சியை இடது கையால் பலகையின் மேல் சாய்த்துப் பிடித்து, அதன்மேல் வலது மணிக்கட்டை வைத்து எழுதுங்கள். தூரிகையும் முக்கியம்: நீண்ட, மென்மையான முடியுள்ள எழுத்துத் தூரிகை வளைவில் தானே திரும்பும், பள்ளிப் பிள்ளைகளின் குட்டைத் தூரிகை ஒவ்வொரு வளைவிலும் தயங்கும்.

வண்ணம் இழுபடாமல் திட்டுத் திட்டாக நிற்கிறது என்றால் வெளியே காற்றைப் பாருங்கள். குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சூடான வறண்ட பெர்க் காற்று அக்ரிலிக்கைத் தூரிகையிலேயே காய வைத்துவிடும். உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சிறிது கலக்கலாம். நான் என்றால் அன்று எழுத மாட்டேன்.

பலகை வளைந்துவிட்டது, அல்லது நடுவில் வெடித்துவிட்டது

முன்பக்கத்துக்கு மூன்று பூச்சு, பின்பக்கத்துக்கு ஒன்றுமில்லை: வளைவுக்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. பூச்சுள்ள பக்கம் ஈரத்தை மெதுவாக வாங்கும். வெறும் பக்கம் உடனே வாங்கும், உடனே விடும். டர்பனின் கோடை ஈரத்தில் பின்பக்கம் உப்பினால் பலகையின் முகம் குழியும். அதே பலகையை ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனால் கதை தலைகீழ். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். பின்பக்கம் காய்ந்து சுருங்கி, முகம் வெளியே பிதுங்கும்.

ஆகவே வளைவின் திசையைப் பாருங்கள். முகம் குழிந்திருந்தால் பின்பக்கத்தை நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் உலர விடுங்கள். முகம் பிதுங்கியிருந்தால் பின்பக்கத்தில் ஈரத்துணி போர்த்தி, கனமான எதையாவது ஏற்றி வையுங்கள். சமமானதும் காத்திருக்காமல் பின்பக்கத்துக்கும், நான்கு விளிம்புகளுக்கும் முன்பக்கம் போலவே பூச்சுக் கொடுங்கள். முக்கியமாகக் குறுக்கே வெட்டிய முனைகளுக்கு. மரம் ஈரத்தை மிக வேகமாகக் குடிப்பது அங்கேதான்.

வெடிப்பு வேறு விஷயம். பல பட்டைகளைச் சேர்த்துப் பின்னால் இரண்டு குறுக்குச் சட்டம் வைத்து, பசையும் போட்டு, திருகாணியும் முறுக்கியிருப்பார்கள். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாக்கில் சுருங்கும், விரியும். சட்டம் அதைப் பிடித்துக்கொண்டால் பலகை எங்காவது விட்டுத்தான் ஆக வேண்டும், பெரும்பாலும் எழுத்தின் குறுக்கே. பசையை விட்டுவிடுங்கள். சட்டத்தில் திருகாணித் துளையை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக்குங்கள், மரம் நகரட்டும். பட்டைகளுக்கு இடையே மெல்லிய சந்து விட்டு, ஒவ்வொரு வரியும் ஒரே பட்டைக்குள் அடங்கும்படி அமைத்தால் சந்து எவ்வளவு விரிந்தாலும் எழுத்துக்குச் சேதம் இல்லை.

இங்கே கிடைக்கும் பைன் தோட்டத்தில் வேகமாக வளர்ந்தது. அகலமான வளையங்கள், நிறைய அசைவு. வாங்கியவுடன் எழுதத் தொடங்காமல் வீட்டுக்குள் இரண்டு வாரம் காற்றாட அடுக்கி வையுங்கள். ஜோகன்னஸ்பர்க் போகும் பரிசு என்றால் நல்ல ஒட்டுப்பலகையில் எழுதுவதே புத்திசாலித்தனம். ‘உண்மையான மரம் இல்லையே’ என்று யாரும் பின்னால் திருப்பிப் பார்த்துக் குறை சொல்லப் போவதில்லை.

பூச்சு தோலாக உரிகிறது

பழைய கதவுத் துண்டின் பளபளப்பான எண்ணெய் எனாமல் மேல் அக்ரிலிக்கை நேராகப் பூசினால் இதுதான் நடக்கும். பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஒட்டும் பிரைமர் கொடுத்து, பிறகு பூசுங்கள். மிகப் பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்த் தேய்ப்பு வேண்டாம். ஈரமாகத் தேய்த்து, பிள்ளைகளை அருகில் விடாமல், கழிவைத் துணியோடு சேர்த்து அகற்றுங்கள்.

வார்னிஷ் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது

பால்போல வெண்மை படர்ந்தால் ஈரமான நாளில் பூசியிருக்கிறீர்கள். சில நாள் உலர்ந்த அறையில் வைத்தால் பல நேரங்களில் தானே தெளியும். தெளியாவிட்டால் தேய்த்துவிட்டு, வறண்ட நாளின் நடுப்பகலில் மெல்லியதாக மீண்டும் பூசுங்கள். குமிழிகள் வந்தால் டப்பாவைக் குலுக்கியிருக்கிறீர்கள். மெதுவாகக் கலக்குவதுதான் முறை. வெள்ளை எழுத்து மஞ்சளானால் எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் பூசியிருக்கிறீர்கள். அது நாளடைவில் மஞ்சளாவது இயல்பு. வெள்ளைக்குத் தண்ணீர் வகையே ஏற்றது.

எழுத்தே கரைந்து இழுபட்டால், பேனாவில் எழுதியிருக்கிறீர்கள். ‘அழியாத மை’ என்று விற்கும் பேனாக்களின் மை தண்ணீருக்கு அழியாது, கரைப்பானுக்கு அழியும். முதல் பூச்சைத் தூரிகையால் தொடாமல் ஸ்பிரே வார்னிஷாகத் தூரத்திலிருந்து இரண்டு மூன்று முறை மெல்லத் தூவிப் பூட்டுங்கள். அதே பேனாவால் கிறுக்கிய ஒரு வேண்டாத துண்டில் அதையும் முதலில் சோதியுங்கள்.

நிறம் வெளுத்துவிட்டது என்றால் மாட்டிய சுவரைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் வெயில் வடக்குச் சுவரில்தான் அதிகம் விழும். மலிவான சிவப்பும் இளஞ்சிவப்பும் அங்கே தாக்குப்பிடிக்காது. செங்காவி, மஞ்சட்காவி, கறுப்பு, வெள்ளை ஆகிய கனிம நிறங்கள் நீடிக்கும்.

பலகையின் கீழே மணல்போல ஏதோ உதிர்கிறது

மணல் அல்ல, எச்சம். டர்பன் கடற்கரைப் பகுதிக்கு உலர்மரக் கரையான் பழைய பகை. மரத்துக்குள்ளேயே குடியிருந்து, கசகசா அளவு உருண்டைகளைத் துளைவழியே வெளியே தள்ளும். இதற்கு எழுத்தைக் காப்பாற்றும் வழி எதுவும் சொல்ல மாட்டேன். அந்தப் பலகையை மற்ற மரச்சாமான்களிடமிருந்து உடனே பிரித்து அப்புறப்படுத்துங்கள், வாசகத்தைப் படம் எடுத்துக்கொண்டு.

துறைமுகத்தில் கிடைக்கும் சரக்குத் தட்டு (பேலட்) மரத்தை இலவசம் என்று எடுப்பவர்கள் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள், எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெதில் புரோமைடு புகையூட்டியது. வீட்டுக்குள் மாட்டும் பரிசுக்கு வேண்டாம். முத்திரையே இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆணியிலிருந்து கறுப்பும் செம்மையுமாகக் கறை ஒழுகினால் கடற்காற்றின் உப்புதான். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்கு மாற்றுங்கள்.

பரிசுத்தாள் எழுத்தோடு ஒட்டிக்கொண்டது

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பூச்சு உள்ளே காய்ந்துவிட்டது என்று பொருள் இல்லை. எனாமல் ஒரு நாளில் தொடுவதற்குக் காய்ந்துவிடும். அழுத்தம் தாங்கச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் குமிழித்தாள் சுற்றிச் சூடான காரின் பின்பெட்டியில் வைத்தால் குமிழிகளின் அச்சு முழுவதும் வார்னிஷில் பதிந்திருக்கும். தீபாவளிக்குத் தர வேண்டிய பலகையைப் புரட்டாசி விரதம் தொடங்கும்போதே எழுதி முடித்துவிடுங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி எடுத்துச் செல்லுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்ட தாளைப் பிய்க்காதீர்கள். வார்னிஷ் முழுவதும் இறுகும் வரை அப்படியே விட்டுவைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் தாளை ஊற வைத்து விரலால் உருட்டி எடுங்கள். பிறகு 400 எண் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தடவி, ஒரே ஒரு மெல்லிய பூச்சு.